மூன்று பேர் பார்த்த யானை

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே காளீஸ்வரி தயாராகிவிடுவாள். யாரும் கை கொடுக்காமல் கட்டிலை விட்டு இறங்கி, முன்னறை சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, துண்டை மடியில் விரித்துக்கொள்வாள். ஐம்பத்தோரு வயது. கணவர் இறந்துபோனது அவளுக்குத் தெரியாது. கணவர் என்று ஒருவர் இருந்ததே தெரியாது. கனடாவிலிருந்து பெற்ற மகள் திரையில் வந்து அம்மா என்று கூப்பிட்டால், "யாரு வீட்டுப் பிள்ள, லட்சணமா இருக்கே" என்பாள். ஆனால் நான்கு மணி மட்டும் தெரியும். கடிகாரம் பார்க்கவே மறந்துபோனவளுக்கு அது எப்படித் தெரிகிறது என்று வைத்தியம் பார்த்த டாக்டருக்கே புரியவில்லை.

"அண்ணே, பூம்பூ வந்துச்சா?"

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதுதான் மாரீஸ்வரன் அவளுக்கு அண்ணன். மற்ற நேரமெல்லாம் அவர் வீட்டுக்குள் நடமாடும் யாரோ ஒரு ஆள். பல் தேய்த்துவிட்டால் ஐயா என்பாள், மாத்திரையை நீட்டினால் வேண்டாம் சார் என்பாள். பகலில் பார்த்துக்கொள்ள வரும் சகாயமேரி மூன்றரை மணிக்குக் கிளம்பிவிடுவாள். அதன்பிறகு அண்ணனும் தங்கையும் மட்டும்தான். அவர் கிண்ணத்தில் சோற்றைக் குழையப் பிசைந்துகொண்டு வந்து எதிரில் உட்காருவார்.

"வந்துச்சு தாயி. இன்னைக்குக் கரிமூட்ட என்ன பண்ணினான் தெரியுமா?"

அவ்வளவுதான். காலையிலிருந்து பூட்டிக்கிடந்த வாய் திறக்கும். ஒரு கரண்டி கதை, ஒரு கரண்டி சோறு. கதை நின்றால் வாயும் மூடிக்கொள்ளும் என்பதால், புரையேறினால்கூட மாரீஸ்வரன் கதையை நிறுத்தமாட்டார். அந்த முக்கால் மணி நேரம்தான் அவளுடைய ஒரு நாள் சாப்பாடு. சொல்லப்போனால் அதுதான் அவருடைய ஒரு நாளும்.

பூம்பூ ஒரு யானைக்குட்டி. இரும்பால் செய்தது, வேறு ஏதோ கிரகத்திலிருந்து விழுந்தது, காதை விசிறிப் பறக்கும். கரிமூட்டை என்பவன் வில்லன். எந்த நாட்டிலோ யாரோ செய்த கார்ட்டூனுக்கு யாரோ தமிழில் குரல் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு ஒளிபரப்பினார்கள். அப்போது மாரீஸ்வரனுக்குப் பதினொரு வயது, காளீஸ்வரிக்கு ஏழு. கோவில்பட்டியில் அவர்கள் இருந்த தெருவில் கேபிள் கனெக்‌ஷன் உள்ள வீடு ஒன்றே ஒன்றுதான், லாரி செட்காரர் வீடு. அந்த வருடம் காளீஸ்வரிக்குப் பிரைமரி காம்ப்ளக்ஸ், குழந்தைகளுக்கு வரும் காசநோய். பள்ளிக்கூடம் கிடையாது, விளையாட்டு கிடையாது, ஒன்றரை வருடம் மருந்தும் இருமலும்தான். அவள் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு போய் நின்றபோது, லாரி செட்காரர் மனைவி இரும்பு கேட்டைப் பாதிதான் திறந்தார்.

"நீ மட்டும் வாப்பா. அவ வேண்டாம். எங்க பிள்ளைகளுக்கு ஒட்டிக்கிரும்."

எனவே அண்ணன் பார்த்துவிட்டு வந்து தங்கைக்குச் சொன்னான். சும்மா சொல்லவில்லை. முறத்தைக் காதாகக் கட்டிக்கொண்டு பறந்தான், அடுப்புக்கரியை முகத்தில் பூசிக்கொண்டு கரிமூட்டையாக உருண்டான், அதற்காக அம்மாவிடம் உதையும் வாங்கினான். பங்குனித் திருவிழாக் கடையில் அம்மா ஒரு ரப்பர் பூம்பூ வாங்கித் தந்தார். அமுக்கினால் கீச்சென்று கத்தும். கார்ட்டூனையே பார்க்காத யாரோ செய்தது போல, நல்ல பச்சை நிறம். காளீஸ்வரி அதை மடியில் வைத்துக்கொண்டுதான் கதை கேட்பாள். கேட்டு முடித்ததும் ஒன்று தவறாமல் கேட்பாள்: "என்னைக்காச்சும் நானும் டிவில பாப்பேனாண்ணே?" உடம்பு தேறி அவள் வெளியே வந்தபோது பூம்பூவை நிறுத்திவிட்டிருந்தார்கள்.

நாற்பத்து நான்கு வருடம் கழித்து, மற்ற எல்லாம் உதிர்ந்த பிறகு, அவளிடம் மிஞ்சியது இதுதான்.

சென்ற வருடம் டாக்டர், இந்த மறதி நோய் சில குடும்பங்களில் வழிவழியாக வருவது, நீங்களும் பார்த்துவிடுவது நல்லது என்றார். மாரீஸ்வரன் சோதனைக்கு ரத்தம் கொடுத்தார். அவருக்கும் இருந்தது. ஐந்து வருடமாகலாம், பத்து வருடமாகலாம், வருவது உறுதி. சாவுக்குக்கூட அவ்வளவு பயந்திருக்கமாட்டார். நில அளவைத் துறையில் முப்பது வருடம் கழித்தவர், எதையும் அளந்து, எழுதி, கல் நட்டு வைத்துவிட வேண்டும் அவருக்கு. தான் மறந்துபோனால் இவளுக்கு யார் சொல்வது? யார் சோறு ஊட்டுவது?

ஃபோனில் பதிவு செய்து பார்த்தார். ஃபோனைக் கண்டாலே டாக்டர் சோதிக்க வந்துவிட்டார் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். மறைத்துவைத்து ஐந்து நிமிடம் பதிவு செய்து ஸ்பீக்கரில் போட்டபோது, யார் பேசுவது என்று தேடிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள். அதோடு அந்த முயற்சியை விட்டார். டிவியில் வந்தால் பார்ப்பாள் என்று தோன்றியது. டிவியில் பார்க்கத்தானே ஆசைப்பட்டாள். வாழ்நாள் முழுக்க அண்ணன் வாயால் கேட்டதை ஒரு தடவை கண்ணால் பார்க்கட்டுமே.

அப்போதுதான் 'பால்யம்' நிறுவனத்தின் விளம்பரம் வந்தது. காணாமல்போன கார்ட்டூன்களை, பார்த்தவர்களின் ஞாபகத்திலிருந்து திரும்பச் செய்கிறோம். பூம்பூ பார்த்தவர்கள் தேவை.

தரமணியில் ஒரு கண்ணாடிக் கட்டடம், ஆறாவது மாடி. வரவேற்பறை முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க பொம்மை. வழுக்கையும் மூட்டுவலியுமாக வந்தவர்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர், சிப்ஸ் பாக்கெட்டில் இலவசமாக வந்த பம்பரம் ஒன்றைக் கேட்டு வாங்கி முகர்ந்து பார்த்தார். "அதே பிளாஸ்டிக் வாசனை" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்தவர் முன்னால் கூச்சமே இல்லாமல் கண்ணைத் துடைத்தார். வீட்டில் பேரன் இதே பம்பரத்தைக் கேட்டால் படிக்கிற வேலையைப் பார் என்று அதட்டுகிற ஆளாகத்தான் இருப்பார்.

பெனிட்டா என்ற பெண் மாரீஸ்வரனை உள்ளே அழைத்துப் போனாள். முப்பது வயது இருக்கும். அவள் பிறப்பதற்கு முன்பே பூம்பூ காணாமல் போயிருந்தது.

"ஒரிஜினல் எங்கயும் இல்ல சார். சேனல மூடும்போது டேப்ப எல்லாம் அழிச்சிட்டாங்க. இப்ப பூம்பூ இருக்கிறது உங்கள மாதிரி பார்த்தவங்க தலைக்குள்ள மட்டும்தான். இதுவரைக்கும் முப்பத்தெட்டுப் பேர் கொடுத்திருக்காங்க."

"எல்லாரும் ஒண்ணு போலயா சொல்லுவாக?"

"அது எப்படி சார் சொல்லுவாங்க? சின்ன வயசுல பார்த்தது, ஆளாளுக்கு ஒண்ணு சேர்த்திருப்பாங்க. அதுக்காக ஒரு விதி வச்சிருக்கோம். ஒரு காட்சிய குறைஞ்சது மூணு பேர் தனித்தனியா கொடுத்தாதான் படத்துல வைப்போம்."

மாரீஸ்வரனுக்கு மனது குளிர்ந்தது. மூன்று இடத்திலிருந்து பார்த்துச் சரிசெய்யாமல் அவர் ஒரு எல்லைக்கல்லும் நட்டதில்லை. இவர்கள் நம்ம ஆட்கள்தான் என்று நினைத்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லிடணும்" என்றாள் பெனிட்டா. "ஞாபகம் நெய் மாதிரி சார். சும்மா இருக்கும்போது உறைஞ்சு கெடக்கும். நெனைச்சுப் பார்க்கும்போது இளகும். இளகியிருக்கிற சில மணி நேரத்துலதான் எங்க மிஷினால படிக்க முடியும். படிச்சிட்டா அது திரும்ப உறையாது. போயிடும்."

"படி எடுத்துக்கிட்டு இருக்கிறத அங்கேயே விட முடியாதா?"

"முடிஞ்சா விட மாட்டோமா சார்."

"எது எது போகும்? எந்தங்கச்சிய மறந்துர மாட்டேனே?"

"மாட்டீங்க. பூம்பூன்னு ஒண்ணு இருந்துச்சு, நீங்க பார்த்தீங்கங்கிறதுகூட தெரியும். அந்தக் கதைக்குள்ள என்ன நடந்துச்சுங்கிறது மட்டும் இருக்காது. கொடுத்தவங்களுக்குத்தான் முதல் காப்பி. ரெண்டு மூணு வாரத்துல வந்துடும். வெளியில விக்கறதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்."

ரெண்டு வருஷம் காளீஸ்வரி தாங்கமாட்டாள். அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். எப்படியும் தன் தலையிலிருந்து போகப்போவதுதான். போவதற்கு முன்னால் போகாத இடத்தில் வைத்துவிட்டால் என்ன?

"கார்ட்டூன்தானம்மா. எடுத்துக்கோங்க."

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. எல்லாம் நீங்களே நேரில் பார்த்ததா, பிறர் சொல்லிக் கேட்டதா? அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. எல்லாம் நானே பார்த்தது என்று தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். பொய் சொல்லவில்லை, பாவம். அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் தலையில் மிஷினோடு இணைத்த தொப்பியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கதையாகச் சொன்னார். பெனிட்டா எதிரில் உட்கார்ந்து கேட்டாள், சிரித்தாள், ஒரு இடத்தில் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள். கடைசியில் தொப்பியைக் கழற்றியபோது வலி ஒன்றும் இல்லை. பல் பிடுங்கிய இடத்துக்கு நாக்கு திரும்பத் திரும்பப் போகுமே, அப்படி மனம் அந்த இடத்துக்குப் போய்ப் போய் வந்தது. பூம்பூ, யானை, தெரிந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை.

மறுநாள் நான்கு மணிக்குக் காளீஸ்வரி துண்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, பூம்பூ வந்துச்சா?"

"வரும் தாயி. டிவிலயே வரும். கொஞ்ச நாள் பொறுத்துக்க."

"அப்ப இன்னைக்கி?"

கதை இல்லாமல் கரண்டியை நீட்டினார், வாய் திறக்கவில்லை. ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மறுநாளும் அப்படியே. சகாயமேரி காலையில் சத்துமாவுக் கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக இறக்கினாள். "அண்ணாச்சி, பத்து நாள்ல வளையல் முழங்கை வரைக்கும் போவுது, என்ன சேதி?" என்று கேட்டாள். எல்லாம் சரியாகிவிடும் என்றார் மாரீஸ்வரன். ஒவ்வொரு நாளும் நான்கு மணிக்கு அவள் அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். அந்தக் கூப்பாடு ஒன்றுதான் அவருக்குத் தெம்பு.

பதினேழாம் நாள் பார்சல் வந்தது. படமும், கூடவே ஒரு பொம்மையும். அச்சு அசலான பூம்பூ என்று பெட்டியில் போட்டிருந்தது.

நான்கு மணிக்கு டிவியைப் போட்டார். பாட்டு வந்தது, யானை பறந்தது, கரிமூட்டை உருண்டான். மாரீஸ்வரன் புதிதாகப் பார்ப்பவர் போலத்தான் பார்த்தார், புதிதாகத்தான் பார்த்தார். நன்றாகவே இருந்தது. கிண்ணத்துடன் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியை நீட்டினார். அவள் வாங்கவில்லை. திரையையே கூர்ந்து பார்த்தாள்.

"யாரு இது?"

"பூம்பூ தாயி."

"பூம்பூ பச்ச."

திரையில் இருந்தது நீலம். பொம்மையும் நீலம். முப்பத்தெட்டுப் பேர் பார்த்த நீலம்.

"டிவில நீலந்தான் தாயி. பாரு, எப்படிப் பறக்குது."

கொஞ்ச நேரம் பார்த்தாள். அடுத்த காட்சி, அதற்கடுத்த காட்சி. முகத்தில் எதையோ தேடும் கவலை வந்தது.

"பிம்பி எங்க?"

"யாரு?"

காளீஸ்வரி திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"பிம்பியத் தெரியாதா உங்களுக்கு?"

உங்களுக்கு. நான்கு மணிக்கு இந்த வார்த்தையை அவள் சொன்னதே இல்லை. மாரீஸ்வரன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, உள்ளறைக்குப் போய் பெனிட்டாவை அழைத்தார்.

"பிம்பிங்கிறது யாரும்மா?"

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"சார், உங்ககிட்டருந்து நாப்பத்தொரு கதை வந்துச்சு. அதுல எட்டுதான் மத்தவங்களோட ஒத்துப்போச்சு. மீதி முப்பத்திமூணும் வேற யாருமே பார்க்கல."

"பார்க்கலன்னா?"

"அப்படி ஒண்ணு ஒளிபரப்பாகவே இல்ல சார். பிம்பி பூம்பூவோட தங்கச்சி. நீங்க சொன்னதுல மட்டும்தான் வரா. அந்தத் தொடர்ல பூம்பூவுக்குத் தங்கச்சியே கிடையாது."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"அவளுக்கு என்ன?"

"உடம்பு சரியில்ல. கப்பல விட்டு வெளிய வரக்கூடாது. பூம்பூ தினமும் சாயங்காலம் திரும்பிப் போய் நடந்ததெல்லாம் அவகிட்ட சொல்லும். அவ இருமினா வாயிலேருந்து நட்சத்திரம் விழும் சார். அத வச்சுதான் பூம்பூ கரிமூட்டையத் தோக்கடிக்கும். பிம்பி இருமலன்னா பூம்பூவால ஒண்ணும் செய்ய முடியாது." அவள் குரல் தடுமாறியது. "எனக்கு அப்பவே தோணுச்சு சார், இது நீங்களா செஞ்சதுன்னு. ஆனா எல்லாம் நானே பார்த்ததுன்னு எழுதியிருந்தீங்க. நான் கேட்டிருக்கணும்."

"அதத் திருப்பிக் கொடுத்துருங்க. எழுத்தா இருந்தாலும் போதும்."

"ஒத்துப்போகாதத ஒரு வாரத்துல அழிச்சிடணும் சார். ஒருத்தருக்கு மட்டுமே சொந்தமான ஞாபகம் எங்ககிட்ட இருக்கக் கூடாதுன்னு சட்டம். உங்கள மாதிரி ஆளுங்களோட பாதுகாப்புக்காகத்தான் போட்டாங்க."

"உனக்கு நெனப்பிருக்கிறதச் சொல்லும்மா. நீ கேட்டேல்ல?"

"தினம் நாலஞ்சு பேரோடத கேக்கறேன் சார். அந்த நட்சத்திரம் மட்டும்தான் மறக்கல. வேற..." நிறுத்தினாள். "மன்னிச்சிருங்க சார்."

ஃபோனை வைத்துவிட்டு மாரீஸ்வரன் யோசித்தார். கதைகளைத்தான் எடுத்திருந்தார்கள், தெருவை எடுக்கவில்லை. தெரு அப்படியே இருந்தது. லாரி செட்காரர் வீட்டு இரும்பு கேட். எட்டு ஞாயிற்றுக்கிழமை அது திறந்தது. ஒன்பதாவது ஞாயிறு திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்த அம்மாள் சொன்னது இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் காதில் விழுந்தது. "நீயும் வேண்டாம்ப்பா. அவகூடத்தான படுத்து எந்திரிக்க."

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பையன் நான்கு மணிக்குக் கிளம்பிப் போய், மூடிய கேட்டைத் தாண்டி, ரயில்வே கேட் வரை நடந்து, சரியாக அரை மணி நேரம் கழித்துத் திரும்பியிருக்கிறான். படியேறுவது தெரிந்தது. செருப்பைக் கழற்றுவது தெரிந்தது. கட்டிலில் தங்கை பச்சை யானையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருவது தெரிந்தது. அவன் வாயைத் திறந்தான். அதற்குமேல் ஒன்றும் நினைவில் இல்லை.

கேட் மூடியதை அவளிடம் சொல்லாமல் இருக்கத்தான் பொய் சொல்ல ஆரம்பித்தான். சொல்லிச் சொல்லி, வருடக்கணக்கில் சொல்லி, கடைசியில் பார்த்ததாகவே நம்பிவிட்டான். அவள் நாற்பத்து நான்கு வருடம் பத்திரமாக வைத்திருந்தது எந்தச் சேனலும் காட்டாத கதையை. உலகத்தில் அது இரண்டு பேரிடம் இருந்தது. ஒருத்தி மறந்துகொண்டிருந்தாள். மற்றவர் மறந்துவிடுவோமோ என்று பயந்து, தன் கையாலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். அவரை நினைத்தால் கோபம்தான் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

மறுநாள் காலை முழுக்க உட்கார்ந்து ஒரு கதை எழுதினார். பச்சை யானை, தங்கை பிம்பி, இருமல், நட்சத்திரம். நான்கு மணிக்கு முன்பே சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். காளீஸ்வரி துண்டை விரித்திருந்தாள். கேள்வி வரும் என்று காத்திருந்தார். நான்கு மணி தாண்டியது. அவள் கேட்கவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை, வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரே ஆரம்பித்தார். "இன்னைக்கிப் பிம்பிக்கு ரொம்ப இருமல் தாயி. இருமினா, இருமினா, கப்பல் பூராவும் நட்சத்திரம்..."

பிம்பி என்றதும் திரும்பினாள். முகம் மலர்ந்தது. கரண்டியை நீட்டினார், வாய் லேசாகத் திறந்தது. வேகவேகமாகச் சொன்னார். பூம்பூ பறந்தது, கரிமூட்டை துரத்தினான், மலை, குகை, இடி. எந்தக் கதையிலும் வருகிற மலையும் இடியும். பாதியில் அவள் வாய் மூடிக்கொண்டது. ஆனாலும் மரியாதைக்குத் தலையை ஆட்டிக்கொண்டு முடியும் வரை கேட்டாள்.

"நல்லாத்தான் சொல்றீக" என்றாள். "ஆனா இது இல்ல."

"எது தாயி? எப்படி வரும்? நீயே சொல்லேன், கொஞ்சம் சொல்லு."

அவள் யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி, உதட்டைக் கடித்து, உண்மையாகவே முயற்சி செய்தாள். சொல்ல வரவில்லை. அவளுக்குச் சொல்லத் தெரியாது, கேட்கத்தான் தெரியும்.

"எனக்குச் சொல்ல வராது. எங்க அண்ணனுக்குத்தான் வரும். லாரி செட்காரர் வீட்டுக்கு டிவி பாக்கப் போயிருக்கான். இப்ப வந்துருவான்."

"தாயி, நாந்தான்..."

"அவனுக்குப் பதினோரு வயசு" என்றாள் அவள், வயதானவருக்கு எடுத்துச் சொல்லும் பொறுமையோடு. பிறகு அவர் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, சோபாவில் சற்று நகர்ந்து இடம் விட்டாள். "நீங்களும் கேக்கணும்னா இங்கன உக்காருங்க. வந்து சொல்லுவான். நல்லாச் சொல்லுவான்."

மாரீஸ்வரன் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவளோடு சேர்ந்து வாசலைப் பார்த்தார்.